நோயாளிக்கு ஓர் ஒட்டுப்போர்வை

நம் தோட்டத்தில் ஒருவர் புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்ளப் பட்டணத்து மருத்துவமனைக்குப் போய்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். குளிரூட்டப்பட்ட அறையில் அவர் மணிக்கணக்காகச் சாய்ந்திருக்க நேரிடும். அவருக்கு நாமே ஒரு போர்வை தைத்துக் கொடுக்கலாம்.

வீட்டுக்கொரு பழைய பருத்திப் புடவையோ கைலியோ கேட்டு வாங்குவோம். பலமுறை துவைத்து மென்மையடைந்த துணி, சிகிச்சையால் நொந்த தோலை உறுத்தாது. நைலான் வேண்டாம். மருந்தேறியவருக்கு வாசனையும் குமட்டலாம். ஆகவே மணமில்லாத சவர்க்காரத்தில் அலசி, வெயிலில் உலர்த்துவோம்.

பிறகு 7 அங்குலச் சதுரங்களாக 48 துண்டுகள் வெட்டுவோம். ஓரத்தில் கால் அங்குலம் விட்டு, வரிசைக்கு 6 வீதம் 8 வரிசை தைத்தால், ஏறக்குறைய 39 அங்குல அகலமும் 52 அங்குல நீளமும் வரும். நடுவில் மெல்லிய பருத்தித்துணி, அடியில் ஒரு முழுத்துணி வைத்து நூலோட்டுவோம். முடிச்சுகள் உள்ளே மறையட்டும். குண்டூசிகளை எண்ணி எடுத்துவிடுவோம்.

கனத்த பஞ்சு எதற்கு வேண்டாம் என்கிறோம்? சிகிச்சையின்போது நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறையும். அடிக்கடி துவைக்கவும் விரைவில் உலரவும் ஏற்ற போர்வையே அவருக்கு நல்லது.

ஒன்றை மறவாதிருப்போம். அவருக்கு நடுக்கம் கண்டால், போர்த்தி வியர்க்கவைத்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. வெப்பமானி 38 பாகை செல்சியசோ அதற்கு மேலோ காட்டினால், நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். போர்வை ஆறுதல் தரும், மருந்தாகாது.