துருவோடு மல்லுக்கட்டாதீர்கள்

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தாத்தாவின் மோரிஸ் மைனர் நிற்கிறது. இருபது ஆண்டுகளாக யாரும் அதைத் தொடவில்லை. இந்தப் பள்ளி விடுமுறையில் எப்படியாவது ஓட வைத்துவிடலாம் என்று முடிவு செய்கிறீர்கள். முன்பக்கக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால், இயந்திரம் அசையவே இல்லை. அடுத்து என்ன செய்வீர்கள்?

பலர் இன்னும் பலமாகச் சுற்றுவார்கள். சிலர் வேறொரு காரில் கயிறு கட்டி இழுப்பார்கள். இருபது ஆண்டுத் துரு செய்யாத சேதத்தை அந்த இரண்டு நிமிட முரட்டுப் பலம் செய்துவிடும். பிஸ்டன் வளையம் உடையும். சிலிண்டர் சுவர் கீறும். கொஞ்சம் அறிவியலும் நிறையப் பொறுமையும் இருந்தால் அதே இயந்திரத்தைக் காப்பாற்றலாம்.

ஏன் இறுகுகிறது?

மோரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 16 லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. 1952 முதல் அதில் பொருத்தப்பட்ட ஏ-சீரிஸ் இயந்திரத்தின் சிலிண்டர்கள் வார்ப்பிரும்பால் ஆனவை. பிஸ்டன்கள் அலுமினியக் கலவையால் ஆனவை. இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். நின்றுபோன இயந்திரத்தில் சில வால்வுகள் திறந்தபடியே இருக்கும். அந்த வழியே நம் நாட்டின் ஈரக்காற்று சிலிண்டருக்குள் புகுந்து, குளிர்ந்த சுவரில் நீராகப் படிகிறது. உருவாகும் துரு, அது தின்ற இரும்பைவிட இரு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும். வெளியே இருந்தால் உதிர்ந்துவிடும். போல்ட்டின் மரைகளுக்கு இடையிலோ பிஸ்டன் வளையத்தின் ஓரத்திலோ உதிர இடமில்லை. ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும்.

எண்ணெய் எப்படி உள்ளே போகிறது?

ஒரு சின்னச் சோதனை. இரண்டு கண்ணாடித் துண்டுகளின் ஒரு விளிம்பை ஒட்டி வைத்து, மறு விளிம்பை ஒரு தீக்குச்சி அளவு விலக்கி, இரப்பர் பட்டையால் கட்டுங்கள். அப்படியே வண்ண நீரில் நிறுத்துங்கள். இடைவெளி குறுகக் குறுக நீர் அதிக உயரம் ஏறுவதைக் காண்பீர்கள். இதுதான் நுண்புழை விளைவு. துருவில் நுண்ணிய துளைகள் உண்டு. துரு நீக்கும் எண்ணெய் நீர்போல் மெல்லியது. அந்தத் துளைகள் வழியே தானாகவே ஊர்ந்து செல்லும். ஆனால் மெதுவாகத்தான் செல்லும். காலையில் தெளித்து மாலையில் ஸ்பேனரைப் பிடிக்காதீர்கள். இரண்டு மூன்று நாள், தினமும் தெளியுங்கள்.

எல்லார் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40 தெளிப்பான் 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உருவானது. நீரை விரட்டுவதற்கான கலவையைத் தேடி, நாற்பதாவது முயற்சியில் வென்றதால் அந்தப் பெயர். ஈரத்தை விரட்ட அது நல்லது. கடுமையாக இறுகிய போல்ட்டுக்கு, ஊடுருவுவதற்கென்றே விற்கப்படும் எண்ணெயை வாங்குங்கள்.

எண்ணெய் தெளித்தபின் போல்ட்டின் தலையைச் சுத்தியலால் சிறிது சிறிதாகத் தட்டுங்கள். அதிர்வில் துருப்பொருக்கு விரிசல் விடும். எண்ணெய்க்குப் புதிய வழி கிடைக்கும். பிறகு கழற்றும் முன் ஒரு மயிரிழை இறுக்கிப் பாருங்கள். அசைந்தால் தளர்த்துங்கள், மீண்டும் இறுக்குங்கள், மீண்டும் தளர்த்துங்கள்.

ஸ்பேனர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இது அங்குல அளவு கார். அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். உங்களிடம் உள்ள 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்துவதுபோல் தோன்றும். பலம் கொடுத்ததும் வழுக்கி முனைகளை மழுக்கிவிடும்.

சூடாக்கலாமா?

படிவம் நான்கு வகுப்பில் நான் கேட்கும் கேள்வி இது: நட்டைச் சூடாக்கினால் அதன் துளை பெரிதாகுமா, சிறிதாகுமா? பாதிப் பேர் சிறிதாகும் என்பார்கள். உண்மையில் உலோகம் எல்லாத் திசையிலும் விரிவதால் துளையும் பெரிதாகும். 10 மில்லிமீட்டர் துளையுள்ள எஃகு நட்டை 200 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கினால், துளை சுமார் 0.024 மில்லிமீட்டர் விரியும். துருவின் பிடி உடைய இந்த அளவே பெரும்பாலும் போதும். சூடு நட்டில் மட்டும் படவேண்டும். போல்ட்டும் சேர்ந்து சூடானால் பயனில்லை.

ஆனால் இறுகிய பிஸ்டனுக்கு இந்த வைத்தியம் ஆகாது. அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். இயந்திரம் முழுவதும் சூடேறினால் பிஸ்டன் இன்னும் இறுகும். எண்ணெய் தெளித்த இடத்திலும் பெட்ரோல் குழாய்க்கு அருகிலும் நெருப்பு வேண்டவே வேண்டாம்.

பிஸ்டனை விடுவித்தல்

பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு துளையிலும் சிரிஞ்சால் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விடுங்கள். ஒரு வாரம் காத்திருங்கள். குறையக் குறைய ஊற்றுங்கள். ராக்கர் மூடியைத் திறந்து, வால்வுகளும் சிக்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். சிக்கிய வால்வோடு சுற்றினால் தள்ளுதண்டு வளையும்.

பிறகு கைப்பிடியால் மெல்ல அழுத்துங்கள். கைப்பலம் போதும், நீளக் குழாய் மாட்டாதீர்கள். நெம்புகோலின் நீளம் இரட்டித்தால் முறுக்குவிசையும் இரட்டிக்கும் என்பதைப் பாடமாக நடத்தும் நானே, ஒருமுறை அவசரத்தில் குழாய் மாட்டினேன். புகைபோக்கியைப் பிடித்திருந்த திருகு ‘டக்’ என்று முறிந்து, அடிப்பாகம் இயந்திரத் தலைக்குள்ளேயே தங்கிவிட்டது. ஒரு மணி நேரம் மிச்சம் பிடிக்க நினைத்தேன். அதைத் துளைத்தெடுக்கப் பட்டறையில் இரண்டு வாரம் காத்திருந்தேன்.

இயந்திரம் சுற்றத் தொடங்கியதும் உடனே பிளக்குகளைப் பூட்டிவிடாதீர்கள். திரவத்தை அமுக்க முடியாது. மேலே தேங்கிய எண்ணெயோடு இயக்கினால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். பிளக் இல்லாமலே பலமுறை சுற்றி எண்ணெயை வெளியேற்றுங்கள். இயந்திர எண்ணெயையும் மாற்றுங்கள்.

பிரேக்கை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இறுகிய பிரேக் சிலிண்டரை விடுவித்தாலும் மீண்டும் நம்ப முடியாது, புதியது மாற்றுங்கள். பழைய பிரேக் தூசியில் கல்நார் இருக்கலாம்; ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

முதல் நாள் கைப்பிடி ஒரு விரற்கடை நகர்ந்தால் அன்றைக்கு அது போதும். மீண்டும் எண்ணெய் விட்டுக் கொட்டகையை மூடுங்கள். இருபது ஆண்டு காத்திருந்த கார், இன்னும் ஒரு நாள் காத்திருக்கும்.