வௌவாலுக்கு ஒரு சட்டம், கடற்புல்லுக்கு வேறொன்று

தேனி மாவட்டம் மேகமலையில் 1948-இல் பிடிக்கப்பட்ட பழந்தின்னி வௌவால் ஒன்று, மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சேகரிப்பில் வேறோர் இனத்தின் பெயரிலேயே நெடுங்காலம் இருந்தது. தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா 1972-இல் அதனைத் தனிப் பேரினமாக வகைப்படுத்தி, பறவையியல் அறிஞர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். அப்பேரினத்தில் இவ்வோர் இனம் மட்டுமே உள்ளது.

‘ஹாலோபிலா பெக்காரி’ என்னும் கடற்புல், பெயருக்கு மாறாக, புல் குடும்பத்தைச் சேர்ந்ததன்று, பாசியுமன்று. கழிமுகச் சேற்றில் வளரும் பூக்கும் தாவரமாகும்.

ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலில் வௌவால் ‘அருகிய இனம்’. கடற்புல் அதைவிட ஒரு படி குறைந்த ‘அழிவாய்ப்பு இனம்’.

எனினும், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை வௌவாலை நேரடியாகவே காக்கிறது. கடற்புல்லுக்கோ அது வளரும் படுகை வழியாகவே காப்பு: 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை அப்படுகைகளை ‘சிஆர்இசட்-1ஏ’ பிரிவில் வைத்துள்ளது. ஆகவே, கடலோர மேலாண்மை வரைபடத்தில் படுகை சரியாகக் குறிக்கப்படுவது முக்கியமாகிறது.