இரு விண்மீன்களும் ஒரு படிப்பினையும்

 

செந்நிற ரோஜாவை ஒத்த விண்வெளிப் படமொன்றின் கீழ் சூரா அர்-ரஹ்மானின் 37ஆம் வசனத்தை அச்சிட்டு, அவ்வசனம் நிரூபணமாகிவிட்டதாகக் கூறும் பிரசுரங்களை நம்மிற் பலர் கண்டிருப்போம். ஹபிள் தொலைகாட்டி படமெடுத்த ‘பூனைக்கண் நெபுலா’ அது. உண்மையில் அது யாது?

சூரியனை ஒத்த விண்மீன் முதுமையடையும்போது ஊதிப் பெருத்து, தன் மேலடுக்குகளை வாயுவாக வெளியேற்றுகிறது. எஞ்சும் வெப்பமிக்க கருவின் புறஊதாக் கதிர்களால் அவ்வாயு ஒளிர்கிறது. இதுவே கோள் நெபுலா. 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹேர்ஷலின் கண்ணுக்கு வட்டமான கோள்போலத் தோன்றியதால் வந்த பெயரேயன்றி, கோள்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இவ்வகையில் தெளிவான சான்று தென் வளைய நெபுலாவாகும். கப்பற்பாய் எனப் பொருள்படும் ‘வேலா’ உடுத்தொகுதியில், 2,000 ஒளியாண்டுகளுக்கும் அப்பால் உள்ளது. ஏப்ரல் மாத முன்னிரவுகளில் திருகோணமலையின் தென்வானில் அத்தொகுதி நிற்கும். எனினும் நெபுலாவைக் காணத் தொலைகாட்டி வேண்டும். அதன் நடுவே இரு விண்மீன்கள் உள்ளன. வாயுவை உமிழ்ந்தது பிரகாசமான விண்மீனன்று, அருகிலுள்ள மங்கலானதே! அது தூசியாற் சூழப்பட்டிருப்பதை 2022 ஜூலையில் வெளியான ஜேம்ஸ் வெப் தொலைகாட்டியின் படங்கள் காட்டின. துணை விண்மீனின் ஈர்ப்பு வாயுவைக் கலக்குவதால் வளையங்கள் கோணலாகின்றன. கண்ணுக்குப் புலப்படாத வேறு துணைகளும் இருந்திருக்கலாம் என்று அதே ஆண்டு டிசம்பரில் வெளியான ஆய்வு கூறிற்று.

நேயர்களே! மேற்படி வசனம் வானமே பிளவுபடும் மறுமை நாளைப் பற்றியது. நெபுலாவோ ஒரு தனி விண்மீனின் முடிவு. இத்தகையவை நமது பால்வீதியில் ஆயிரக்கணக்கில் அறியப்பட்டுள்ளன. இவ்விரண்டையும் ஒன்றெனக் கூறினால், நாளை விஞ்ஞான விளக்கம் திருந்தும்போது நம் பிள்ளைகள் இறைவசனத்தையே ஐயுறும் நிலை வரும். அப்பழியை யார் சுமப்பது?

நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்றாஹீம் மரணித்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. மக்கள் இரண்டையும் முடிச்சிட்டனர். எவரது மரணத்துக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என அண்ணலார் அதனை மறுத்து, தொழுகையின்பால் மக்களைத் திருப்பினார்கள். தமது துயர நாளிலும், தமக்குப் பெருமை சேர்க்கும் பொய்யை அவர்கள் ஏற்கவில்லை.

மார்க்கத்துக்குச் சாதகமாகத் தோன்றினும் ஆராயாத செய்தியைப் பரப்பாதிருப்போம். அல்லாஹ்வின் படைப்பை உள்ளது உள்ளபடி அறிவதே அதற்கு நாம் செய்யும் மரியாதை. வல்ல நாயன் நமக்குப் பயனுள்ள அறிவை அருள்வானாக. ஆமீன்.