சூடேறும் கார், இறங்கும் பெட்ரோல் அழுத்தம்

தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் தொழிற்சாலை 2003இல் இயங்கத் தொடங்கியது. மறு ஆண்டே ஜென்-2 கார் அங்கிருந்து சாலைக்கு வந்தது. தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் எந்தக் காரிலும் ரேடியேட்டரின் அளவு, பெட்ரோல் பம்ப்பின் திறன், வயரின் தடிமன் எல்லாமே ஒரே கணக்கில் கோத்தவை. அதில் ஒன்றை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று அறிய, நம் சாலைகளில் இன்னும் ஓடும் பழைய புரோட்டோன் வீராக்களைப் பார்த்தால் போதும்.

1993இல் வந்த வீரா, மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டது. அதனால் ஜப்பானில் ஓடி ஓய்ந்த லான்சரின் முன்பாதியை, அதாவது 'ஹாஃப் கட்'டை வாங்கி, அதிலுள்ள 4ஜி93 டர்போ எஞ்சினை வீராவில் இறக்குவது நம் போமன்களுக்குக் கைவந்த வேலை. 1.5 லிட்டர் வீராவுக்குச் சுமார் 90 குதிரைத்திறன். அந்த டர்போ எஞ்சினுக்கு 195. எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் காரை ஓட்டுகிறது; ஒரு பங்கு புகையோடு போகிறது; மீதியைத் தண்ணீர் ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது. ஆக, மிதித்து ஓட்டும்போது ரேடியேட்டரின் சுமையும் இரட்டிப்பைத் தாண்டும். போதாக்குறைக்கு இன்டர்கூலரை வேறு அதன் முன்னால் மாட்டுகிறார்கள். 33 டிகிரிக் காற்று இன்டர்கூலரைக் கடந்து 48 டிகிரியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் 95 டிகிரி என்றால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 62இலிருந்து 47ஆகச் சுருங்குகிறது. ரேடியேட்டரின் திறனில் கால் பங்கு அங்கேயே காலி.

'எப்போது சூடேறுகிறது?' என்று கேட்காமல் போனட்டைத் திறக்கும் போமனை நான் நம்புவதில்லை. பாதி விடை அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது மட்டும் முள் ஏறினால் ஃபேனைப் பாருங்கள்: மோட்டார், ரிலே, அல்லது டர்போ குழாய்க்கு இடமில்லை என்று கழற்றி எறிந்த ஃபேன் கூடு. நெடுஞ்சாலையில் 110இல் போகும்போது காற்றுக்குப் பஞ்சமில்லை. அப்போது ஏறினால் தண்ணீரின் ஓட்டத்தில் கோளாறு. ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளலாம். காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

மூடியையும் மறக்க வேண்டாம். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி, தண்ணீரைச் சுமார் 118 டிகிரிவரை கொதிக்க விடாது. ஸ்பிரிங் தளர்ந்தால் நூறிலேயே கொதிக்கும். சில வெள்ளிதான் அதன் விலை. சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் திறக்காதீர்கள். அழுத்தம் விட்ட நொடியில் தண்ணீர் நீராவியாகி முகத்தில் பாயும். இன்னொன்று: தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிடும் பழக்கம். எஞ்சின் குளிராகவே ஓடும், கணினி கூடுதல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும், நோய் மட்டும் அப்படியே கிடக்கும்.

இனி சிக்கலான வகை. ஜெலாப்பாங்கிலிருந்து மெனோரா சுரங்கம் நோக்கி ஏறும்போது, டர்போ முழு வேகத்தில் இயங்கும்போது மட்டும் முள் எகிறுகிறது; காலை எடுத்தால் இறங்குகிறது. உடனே பெரிய ரேடியேட்டர் வாங்குகிறோம். நான் முதலில் சந்தேகிப்பது பெட்ரோலை.

இன்ஜெக்டர் எவ்வளவு பீய்ச்சும் என்பது, பெட்ரோல் குழாயின் அழுத்தத்துக்கும் எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. அந்த வித்தியாசம் 3 பாராக இருக்கும்படி ரெகுலேட்டர் பார்த்துக்கொள்கிறது என்போம். டர்போ 0.8 பார் தள்ளினால் பெட்ரோல் 3.8 பாருக்கு உயர வேண்டும். பம்ப்புக்குத் தெம்பில்லாமல் 3 பாரிலேயே நின்றுவிட்டால் வித்தியாசம் 2.2. ஓட்டம் இதன் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறுவதால், பெட்ரோல் சுமார் 14 விழுக்காடு குறைகிறது. அதுவும் காற்று மிக அதிகமாக நுழையும் நேரத்தில்! கலவை மெலிந்து, தட்டும் எரிப்பு தொடங்குகிறது. சிலிண்டர் சுவரையும் பிஸ்டனையும் காத்துநிற்கும் மெல்லிய வாயுப் படலத்தை அந்த அதிர்ச்சி அலைகள் கலைத்துவிட, வெப்பம் நேராக உலோகத்தில் இறங்குகிறது. மீட்டர் முள் சிவப்பைத் தொடும் முன்பே பிஸ்டன் உருகிவிடலாம்.

கண்டுபிடிக்க ஓர் அழுத்த கேஜ் போதும். எஞ்சினை நிறுத்தி, குழாயின் அழுத்தத்தை இறக்கி, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாட்ட வேண்டும். வெறுமனே ஓடும்போது ரெகுலேட்டரின் சிறு ஹோஸைக் கழற்றினால் அழுத்தம் உயர வேண்டும். அந்த ஹோஸில் பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது. அணைத்ததும் அழுத்தம் சடாரென விழுந்தால் பம்ப்பின் வால்வோ ரெகுலேட்டரோ இன்ஜெக்டரோ கசிகிறது. பிறகு கேஜைக் கண்ணாடிக்கு வெளியே ஒட்டி, ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். காருக்குள் பெட்ரோல் குழாயைக் கொண்டுவரவே கூடாது. டர்போ அழுத்தம் ஏற ஏறப் பெட்ரோலும் அதே அளவு ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஃபில்டரை மாற்றுங்கள். சுமை இருக்கும்போது பம்ப்பில் எத்தனை வோல்ட் என்று அளந்து பாருங்கள். முப்பது வயது வயரில் 13.5 வோல்ட் கிளம்பி 11 வோல்டாகப் போய்ச் சேர்ந்தால், நல்ல பம்ப்பும் தள்ளாடும். ஒரு ரிலேயும் தடித்த வயரும் போதும். ரேடியேட்டரைவிட மிக மலிவு.

புரோட்டோனே 2012இல் பிரெவேயில் டர்போ வைத்தபோது, எஞ்சினின் கொள்ளளவை 1,597 சிசியிலிருந்து 1,561ஆகக் குறைத்து, அமுக்க விகிதத்தையும் 8.9க்கு இறக்கி, 138 குதிரைத்திறனோடு நிறுத்திக்கொண்டது. பழைய வயரையும் பழைய ரேடியேட்டரையும் வைத்துக்கொண்டு 195 கேட்பது பேராசை.

எஞ்சின் மாற்றினால் ஜேபிஜே அனுமதியும் வாகனச் சோதனையும் கட்டாயம், அதைத் தள்ளிப்போடாதீர்கள். கேஜ் மாட்டிக் காட்டாத போமனுக்குப் புது ரேடியேட்டர் காசைக் கொடுக்காதீர்கள்.