கூதிர்க் காலத்துக் கடற்கரை உலா

உலாவுதற்கு ஏற்ற பருவம் இளவேனில் என்பர் பலர். கடற்கரையைப் பொறுத்தவரை யாம் அதற்கு உடன்படோம். ஐப்பசியும் கார்த்திகையுமாகிய கூதிர்க் காலமே அதற்கு உரியது. வெயிலின் கொடுமை தணிவது ஒரு காரணம். வடபுலத்துப் பறவைகள் நம் கரையில் வந்து தங்குவது மற்றொன்று. இதனை நேரிற் காண விழையும் மாணவர் வேதாரணியத்திற்குத் தெற்கேயுள்ள கோடிக்கரைக்குச் செல்க.

தெற்கு நோக்கி ஓடிவரும் சோழ மண்டலக் கரை மேற்கே திரும்பும் மூலை அஃது. ஒருபால் வங்கக் கடல். மற்றொருபால் பாக்கு நீரிணை. 1967-ஆம் ஆண்டில் இவ்விடம் சரணாலயமாக்கப்பட்டது. 2002-இல் ராம்சர் உடன்படிக்கையிலும் இடம்பெற்றது. ஆதலின் வனத்துறையாரின் அனுமதி பெற்றே உட்புகுதல் வேண்டும். பாலை மரங்கள் செறிந்த காட்டைக் கடந்ததும் புல்வெளியில் வெளிமான்கள் மேயக் காணலாம். முறுக்கிய கொம்பும் கரிய முதுகும் உடையது கலை, பிணைக்குக் கொம்பில்லை. இராமர் பாதம் என்னும் மேடு சில அடி உயரமேயாயினும், சுற்றிலும் தட்டையான நிலமாதலின், அதன்மேல் நின்றார்க்கு நெடுந்தொலைவு புலனாகும்.

இனிச் சேற்று நிலத்திற்கு வருவோம். ஒரே சேற்றில் இத்துணை வகைப் பறவைகள் போட்டியின்றி உண்பது எங்ஙனம்? அவற்றின் அலகை நோக்குக. கொசு உள்ளானின் அலகு சிறிது. அது மேற்பரப்பிலுள்ள சிற்றுயிர்களைக் கொத்தும். பவளக்காலி சற்று ஆழத்திற் துழாவும். கோட்டானின் வளைந்த நீண்ட அலகோ வளையினுள் ஒளிந்த நண்டையும் வெளிக்கொணரும். பூநாரை தன் தலையைக் கவிழ்த்து, அலகையே சல்லடையாக்கி, நீரை வடித்துண்ணும். அதன் செந்நிறம் அவ்வுணவினின்று பெற்றதே. இளங்குஞ்சுகள் சாம்பல் நிறத்தன.

கொசு உள்ளானின் எடை ஏறக்குறைய 25 கிராமே. வடதுருவத்தை அடுத்த தரைகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தபின், அச்சிற்றுடல் இத்துணைத் தூரம் பறந்து வருகின்றது. திரும்பிச் செல்வதற்கு வேண்டிய கொழுப்பையும் இச்சேற்றிலேதான் அது சேர்த்தல் வேண்டும். யாம் முதன்முறை சென்றபோது, கூட்டமாய் எழும் அழகைக் காணும் ஆசையால் ஓடிச்சென்று கைதட்டினோம். ஆயிரம் சிறகுகள் வெள்ளிபோல் மின்னின, காட்சி இனிதே. ஆயின், ஒவ்வொரு முறை வெருண்டெழும்போதும் உண்ணும் நேரம் குறைந்து, சேர்த்த கொழுப்பும் செலவாகின்றது என்பதைப் பின்னரே அறிந்து நாணினோம். அவை தலைநிமிர்ந்து நோக்குமாயின் ஆண்டே நின்றுவிடுக. சேற்றில் இறங்கற்க, மேலே காய்ந்து தோன்றுமிடமும் உள்ளே முழங்காலளவு இழுக்கும்.

இம்மூலை இடுக்கணுக்குப் புதியதன்று. சோழர் காலத்ததெனக் கூறப்படும் பழைய கலங்கரை விளக்கம் 2004-இன் ஆழிப்பேரலையில் வீழ்ந்தது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரைகடந்து காட்டு மரங்களைச் சாய்த்தது, மான்களும் மாண்டன. சீமைக் கருவேலோ ஆரவாரமின்றிப் புல்வெளியைக் கவர்ந்து வருகின்றது. மழை குன்றிய ஆண்டில் சதுப்பின் உப்பு மிகுதலால், அங்கு வாழும் சிற்றுயிர்களும் மாறுபடும்.

புறப்படுவோர் விடியற்காலையிற் செல்க; ஞாயிறு முதுகுப்புறம் இருக்குமாறு நின்றால் பறவையின் நிறம் தெளிவாய்த் தெரியும். பருவமழைக் காலமாதலின், வானிலை அறிக்கையை முதல்நாளே கேட்டுக்கொள்க. குடிநீரும் குடையும் உடன் இருக்கட்டும்.