லடாக் வரை சோர்வின்றிச் செல்ல: நெடும்பயணத்துக்கு மோட்டார் சைக்கிளை ஆயத்தப்படுத்துவது எப்படி?

புது தில்லி: குளிர்காலப் பனியை எல்லைச் சாலைகள் அமைப்பு அகற்றி மணாலி - லே நெடுஞ்சாலையைத் திறந்ததும், ஆண்டுதோறும் நாட்டின் பல மாநிலங்களிலிருந்து மோட்டார் சைக்கிள் பயணிகள் லடாக்கை நோக்கிப் புறப்படுகின்றனர். தில்லியிலிருந்து மணாலி வழியாக லே சென்றடைய ஏறத்தாழ ஆயிரம் கி.மீ. பயணம் செய்ய வேண்டும். இதில் மணாலிக்கும் லேவுக்கும் இடைப்பட்ட சுமார் 430 கி.மீ. தொலைவு பாரலாச்சா லா, லாச்சுங் லா, தங்லங் லா போன்ற உயர்ந்த கணவாய்களைக் கடந்து செல்கிறது. தங்லங் லா கடல் மட்டத்திலிருந்து 5,300 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது.

இந்தப் பயணத்தை மேற்கொள்வோரில் பலர், அன்றாடம் அலுவலகம் செல்வதற்காக வாங்கிய மோட்டார் சைக்கிளிலேயே புறப்படுகின்றனர். அரை மணி நேரப் பயணத்தில் உணரப்படாத குறைகள், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஓட்டும்போது முதுகுவலியாகவும், விரல்களின் மரத்துப்போதலாகவும், கவனச் சிதறலாகவும் வெளிப்படுகின்றன.

சொகுசு மட்டுமல்ல, பாதுகாப்பும்

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் தொலைவைக் கடக்கிறது. களைப்பினாலோ, மரத்துப்போன விரல்களினாலோ பிரேக்கை அழுத்துவதில் ஒரு விநாடி தாமதம் ஏற்பட்டால், வாகனம் அந்த 17 மீட்டரையும் வேகம் குறையாமலே கடந்துவிடும். குறுகிய மலைச்சாலை வளைவுகளில் இந்த இடைவெளி உயிருக்கும் இழப்புக்கும் இடைப்பட்டதாகும்.

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் நாட்டில் நிகழ்ந்த சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஏறத்தாழ 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். எனவே, ஓட்டுநரின் உடல் சோர்வைக் குறைக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஆடம்பரமாகக் கருதாமல் பாதுகாப்பு ஏற்பாடாகவே கருத வேண்டும்.

மூன்று புள்ளிகள்

ஓட்டுநரின் உடல் மோட்டார் சைக்கிளை மூன்று இடங்களில் தொடுகிறது: இருக்கை, கைப்பிடி, கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட். இம்மூன்றுக்கும் இடையிலான தொலைவும் கோணமுமே உடல் அமரும் நிலையைத் தீர்மானிக்கின்றன. முதுகு இயல்பாக நிமிர்ந்து, முழங்கைகள் சற்று வளைந்து, தோள்கள் தளர்ந்து இருப்பதே நெடும்பயணத்துக்கு உகந்த நிலை. கைகள் முழுமையாக நீண்டிருந்தாலோ, முழங்கால்கள் மிகையாக மடங்கியிருந்தாலோ ஏதேனும் ஒரு புள்ளியில் திருத்தம் தேவை என்று பொருள்.

வலி தோன்றும் இடமும் அதன் காரணம் இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எடுத்துக்காட்டாக, இருக்கை முன்புறமாகச் சரிந்திருந்தால், ஓட்டுநர் பெட்ரோல் டேங்க்கை நோக்கி வழுக்கிக்கொண்டே இருப்பார். அதைத் தடுக்க அவர் கைகளால் கைப்பிடியை ஓயாமல் தள்ளுவார். மாலையில் மணிக்கட்டு வலிக்கும். ஆனால் கோளாறு இருக்கையில்தான் இருக்கும்.

இருக்கை: மென்மையை விட உறுதியே மேல்

அமரும்போது உடலின் எடையில் பெரும்பகுதியை இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகள் தாங்குகின்றன. அவ்விடத்தில் அழுத்தம் குவிந்து இரத்த ஓட்டம் தடைபடுவதே வலிக்கும் மரத்துப்போதலுக்கும் காரணம். விற்பனையகத்தில் தொட்டுப் பார்க்கும்போது மெத்தென்று தோன்றும் ஃபோம், ஒரு மணி நேரத்தில் நசுங்கி அடித்தட்டின் கடினத்தை உடலுக்குக் கடத்திவிடுகிறது. ஓரளவு உறுதியான, அகலமான, தட்டையான இருக்கையே எடையைப் பரவலாகத் தாங்கும்.

பெரும்பாலான நகரங்களில் உள்ள சீட் தைக்கும் கடைகளிலேயே இதைச் சீரமைக்க இயலும். கீழே உறுதியான ஃபோமும் மேலே மெல்லிய மென்மையான அடுக்கும் வைப்பது வழக்கமான முறை. மேலுறையின் தையல் கோடுகள் தொடையின் அடியில் அழுத்தாதவாறும், மழைநீர் உள்ளே கசியாதவாறும் அமைய வேண்டும். ஃபோமைக் கூட்டும்போது இருக்கையின் உயரமும் கூடுகிறது என்பதை மறந்துவிடலாகாது. சுமை ஏற்றிய வாகனத்தைச் சரிவில் நிறுத்தும்போது கால் தரையில் உறுதியாக ஊன்றாவிட்டால் வாகனம் சாயக்கூடும். உயரம் குறைந்த ஓட்டுநர்களுக்கு, இருக்கையின் முன்பகுதியை இரு புறமும் சற்றுக் குறுக்குவது பயன் தரும்.

இருக்கையை மாற்ற விரும்பாதவர்கள் அதன் மீது பொருத்தும் காற்று மெத்தையைப் பயன்படுத்துகின்றனர். இதில் காற்றை முழுமையாக நிரப்புவது தவறு. உடல் அடித்தட்டில் படாமல் சிறிதளவு உயர்ந்து நின்றாலே போதுமானது. மேலும், 5,300 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதியே ஆகும். எனவே, சமவெளியில் அளவாக ஊதிய மெத்தை கணவாயில் உப்பிப் பந்துபோல் இறுகிவிடும். உயரம் கூடக்கூடச் சிறிது காற்றை வெளியேற்ற வேண்டும்.

கைப்பிடியும் அதிர்வும்

உயரமான ஓட்டுநர்கள் முன்னோக்கிக் குனிய நேர்ந்தால், கைப்பிடியை உயர்த்தும் ரைசர் என்ற துண்டுகள் பொருத்தப்படுகின்றன. இதில் கவனக்குறைவு ஆபத்தானது. கைப்பிடி உயரும்போது கிளட்ச், ஆக்ஸிலரேட்டர் கேபிள்களும் பிரேக் ஆயில் குழாயும் இழுபடுகின்றன. பொருத்திய பின் எஞ்சினை இயக்கி, கைப்பிடியை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்போது எஞ்சினின் வேகம் தானாக உயர்ந்தால் கேபிள் இறுகியுள்ளது என்று பொருள். அந்நிலையில் வாகனத்தைச் சாலைக்குக் கொண்டுசெல்லக் கூடாது.

செலவே இல்லாத திருத்தம் ஒன்றும் உண்டு. பிரேக், கிளட்ச் லீவர்களின் கோணத்தைத் தளர்த்தி, நீட்டிய விரல்கள் முன்கையுடன் ஒரே கோட்டில் அமையுமாறு திருப்பினால் மணிக்கட்டின் சுமை பெரிதும் குறையும்.

இந்தியாவில் விற்பனையாகும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்கள் ஒற்றை சிலிண்டர் கொண்டவை. இவற்றின் அதிர்வு குறிப்பிட்ட எஞ்சின் வேகத்தில் மிகுதியாக இருக்கும். அந்த வேகத்தை அறிந்து அதற்குச் சற்றுக் கீழே ஓட்டுவதே எளிய தீர்வு. கைப்பிடியின் முனைகளில் கனமான எடைகள் பொருத்துவதும், தடித்த ரப்பர் கிரிப்களும், உள்ளங்கையில் மெத்தை வைத்த கையுறைகளும் உதவும். தளர்ந்த எஞ்சின் போல்ட்டுகள், தேய்ந்த செயின், சமநிலையற்ற சக்கரங்கள் ஆகியவையும் அதிர்வை உண்டாக்கும் என்பதால், புதிய பொருள்களை வாங்குவதற்கு முன் மெக்கானிக்கிடம் இவற்றைச் சரிபார்ப்பது நல்லது.

காற்றும் இரைச்சலும்

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மார்பில் படும் காற்றின் விசை, 100 கி.மீ. வேகத்தில் நான்கு மடங்காகிறது. நாள் முழுவதும் இந்த விசையைக் கழுத்தும் தோள்களும் தாங்க வேண்டியிருப்பதால், பலர் விண்ட்ஷீல்டு எனப்படும் காற்றுத் தடுப்பைப் பொருத்துகின்றனர்.

ஆயினும் உயரமான தடுப்பு எப்போதும் சிறந்ததல்ல. தடுப்பின் மேல்விளிம்பில் சிதறும் காற்று நேராக ஹெல்மெட்டில் மோதினால், தலை ஓயாமல் அதிர்ந்து களைப்பு முன்பைவிடக் கூடும். ஓடும் நிலையில் சற்று எழுந்து நிற்பது, சற்றுக் குனிவது ஆகியவற்றின் மூலம் காற்று எந்த உயரத்தில் அமைதியாகிறது என்பதை அறியலாம். சாலையைத் தடுப்பின் ஊடாகப் பார்க்காமல் அதன் மேலாகப் பார்க்கும் உயரமே மழையிலும் புழுதியிலும் பாதுகாப்பானது.

நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் எழும் காற்றிரைச்சல் 90 டெசிபலைத் தாண்டக்கூடும். மணிக்கணக்கில் இதைக் கேட்பது சோர்வைத் தருவதுடன் செவித்திறனையும் பாதிக்கிறது. இரைச்சலைக் குறைத்து, ஹாரன் ஒலியைக் கேட்க இடமளிக்கும் மென்மையான செவியடைப்பான்கள் நெடும்பயணிகளால் பயன்படுத்தப்படுகின்றன.

ஷாக் அப்சார்பர்: மறக்கப்படும் திருத்தம்

பல வாகனங்களில் பின்புற ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் இறுக்கத்தை மாற்றும் வசதி இருந்தும், அது தொடப்படாமலே விடப்படுகிறது. ஓட்டுநர் அமர்ந்து உடைமைகளும் ஏற்றப்பட்ட நிலையில், ஸ்பிரிங் தன் மொத்த அசைவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அமிழ்ந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பின்சக்கரத்தின் மொத்த அசைவு 180 மி.மீ. எனில், 45 முதல் 60 மி.மீ. வரை அமிழ்வது சரியானது.

அதைவிட மிகுதியாக அமிழ்ந்தால் குழிகளின் அடி நேராக முதுகெலும்பில் இறங்கும். முகப்பு விளக்கின் ஒளியும் மேல்நோக்கிச் சென்று எதிரே வருவோரின் கண்களைக் கூசச் செய்யும். சுமை ஏற்றும்போது டயர் காற்றழுத்தத்தையும் உற்பத்தியாளரின் கையேட்டில் குறிப்பிட்டவாறு உயர்த்த வேண்டும்.

சுமை எங்கே இருக்க வேண்டும்?

கனமான பொருள்கள் தாழ்வாகவும், வாகனத்தின் நடுப்பகுதிக்கு நெருக்கமாகவும் இருக்க வேண்டும். கருவிகள், உதிரி பாகங்கள், தண்ணீர் ஆகியவற்றைப் பக்கவாட்டில் தொங்கும் சேடில் பேக்குகளின் அடியில் சம எடையில் பிரித்து வைப்பது நல்லது. பின்புறத்தில் உயரமாகக் கட்டப்படும் மூட்டை முன்சக்கரத்தின் பிடிமானத்தைக் குறைத்து, கைப்பிடியில் நடுக்கத்தை ஏற்படுத்தும். முதுகில் சுமக்கும் பை தோள்களையும் இடுப்பையும் விரைவில் களைப்படையச் செய்யும் என்பதால், அதை இயன்றவரை தவிர்க்க வேண்டும்.

பின்னால் அமர்பவரின் வசதி பல நேரங்களில் கருத்தில் கொள்ளப்படுவதில்லை. அவருக்குப் பிடிமானக் கம்பியும், உறுதியான ஃபுட்ரெஸ்ட்டும், முதுகுக்குச் சாய்வும் இருந்தால், ஒவ்வொரு பிரேக்கின்போதும் அவரது எடை ஓட்டுநரின் முதுகில் சரிவது குறையும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்தும் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களிலிருந்தும் மாறுபடுமாறு வாகனத்தை மாற்றி அமைப்பதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. வாகனத்தின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றமே இப்பிரிவில் 'மாற்றம்' எனப்படுகிறது. அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ. 5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழிவகுத்துள்ளது.

எனவே, சேசிஸை வெட்டுதல், எஞ்சினை மாற்றுதல், பேரிரைச்சல் எழுப்பும் சைலன்ஸர் பொருத்துதல் போன்றவை சட்டச் சிக்கலைத் தரும். எளிதில் கழற்றக்கூடிய மெத்தை, பை, கிரிப் போன்றவற்றின் நிலை வேறு. பெரிய மாற்றம் எதையும் செய்வதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டறிவது நல்லது. தெரிவிக்கப்படாத மாற்றங்கள் விபத்துக்குப் பிந்தைய இழப்பீட்டுக் கோரிக்கையில் தகராறை ஏற்படுத்தக்கூடும்.

உடலையும் ஆயத்தப்படுத்த வேண்டும்

வாகனத்தில் செய்யும் எந்த மாற்றமும் ஓய்வுக்கு ஈடாகாது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பதும், தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் அருந்துவதும் அவசியம். சமவெளியின் வெப்பத்துக்குக் காற்றோட்டமுள்ள ஜாக்கெட்டும், கணவாயின் குளிருக்கு அடுக்கடுக்காக அணியும் உடைகளும் தேவை. ஹெல்மெட்டில் பிஐஎஸ் தர முத்திரை இருக்க வேண்டும்.

லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு சென்றடைந்தவர்கள் ஓரிரு நாள்களாவது ஓய்வெடுத்து உடலைப் பழக்கப்படுத்திய பின்னரே மேலும் உயரமான இடங்களுக்குச் செல்ல வேண்டும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் ஆகியவை தோன்றினால் அதை இருக்கையின் குறையாகவோ வெறும் பயணக் களைப்பாகவோ கருதாமல், உடனடியாகத் தாழ்வான இடத்துக்கு இறங்கி மருத்துவ உதவி பெற வேண்டும். இதயம், நுரையீரல் தொடர்பான நோய் உள்ளவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது அவசியம்.

முன்னோட்டம் அவசியம்

அனைத்து மாற்றங்களையும் புறப்படும் நாளுக்கு முந்தைய இரவில் செய்வது பலர் இழைக்கும் தவறு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, முழுச் சுமையுடன் 200 முதல் 300 கி.மீ. வரை ஓட்டிப் பார்த்தால், எது பயன் தந்தது, எது புதிய வலியைத் தந்தது என்பது தெளிவாகும். அந்த ஓட்டத்துக்குப் பின் கைப்பிடி, ரைசர், லக்கேஜ் கம்பிகள் ஆகியவற்றின் போல்ட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும். செயினின் தொய்வைச் சரிபார்த்து, சுமார் 500 கி.மீ.க்கு ஒருமுறை அதற்கு மசகிட வேண்டும்.

லீவர் கோணம், ஸ்பிரிங் இறுக்கம், டயர் காற்று, சுமையின் இடம் ஆகிய நான்கையும் சரிசெய்யப் பெரும் செலவு தேவையில்லை. விலையுயர்ந்த உதிரி பாகங்களைத் தேடும் முன் இவற்றை முடித்துக்கொண்டால், தேவையற்ற செலவைத் தவிர்ப்பதுடன் மலைப்பாதையில் ஓட்டுநரின் கவனமும் வலியில் சிதறாமல் சாலையில் நிலைத்திருக்கும்.