உஷார்! தொண்டையைப் பதம் பார்க்கும் கார் ஏசி

போன மே மாதம், கத்திரி வெயிலில் மதுரையிலிருந்து சென்னைக்குக் காரில் வந்தோம். கண்ணாடியை ஏற்றி, ஏசியை முழு வேகத்தில் வைத்து எட்டு மணி நேரப் பயணம். பின் சீட்டில் மகள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டு வந்தாள். நடுவிலிருந்து வந்த ஏசி காற்று நேராக அவள் முகத்தில் அடித்தது. தாம்பரத்தில் கண்விழித்தவள், "அப்பா, தொண்டையில முள்ளு குத்துற மாதிரி இருக்குப்பா" என்றாள். வழியில் குடித்த ஜூஸ்தான் காரணம் என்று முடிவுகட்டினோம். அடுத்த பயணத்தில் ஜூஸே குடிக்கவில்லை. ஆனாலும் தொண்டை வலித்தது, இந்த முறை எனக்கும் சேர்த்து.

காரை சர்வீஸுக்கு விட்டபோது, ஏசி போட்டதும் ஈர வாடை வருவதாகச் சொன்னேன். மெக்கானிக் டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி, உள்ளே கையை விட்டு ஃபில்டரை உருவினார். வெள்ளையாக இருக்க வேண்டியது அடுப்படிக் கரித்துணிபோல இருந்தது. மடிப்புகளுக்குள் காய்ந்த வேப்பம்பூவும் செத்த பூச்சிகளும். லேசாகத் தட்டியதும் கறுப்புத் தூள் கொட்டியது. "வண்டி வாங்கினதுலேருந்து மாத்தவே இல்லையா சார்? இது வழியா வர்ற காத்தைத்தான் குழந்தை சுவாசிக்குது" என்றார். மூன்று வருடமாக டயர் காற்றை மாதாமாதம் பார்த்த நான், மூச்சுக் காற்றைப் பார்க்கவே இல்லை.

தொண்டையில் என்ன நடக்கிறது?

ஏசி காற்றைக் குளிர்விக்கும்போதே அதிலுள்ள ஈரத்தையும் எடுத்துவிடுகிறது. காருக்கு அடியில் சொட்டும் தண்ணீர் அதுதான். ஈரம் குறைந்த காற்று மணிக்கணக்கில் முகத்தில் பட்டால், தொண்டையின் சளிப்படலம் காய்ந்துபோகும். தூசியையும் கிருமியையும் பிடித்து வெளியே தள்ளுவதே அந்தப் படலத்தின் வேலை. மூக்கால் இழுக்கும் காற்று வெதுவெதுப்பாகி, ஈரமாகித் தொண்டைக்குப் போகும். வாயைத் திறந்து தூங்குகிறவருக்கு அந்தக் காப்பும் இல்லை.

அடுத்தது பூஞ்சை. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயில் ஏசி ஓடும்போதெல்லாம் ஈரமாக இருக்கும். இருட்டும் தூசியும் சேர்ந்தால் அங்கே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஊறிப்போன துணி வாடை அதன் அறிகுறி. அதை மறைக்க பெர்ஃப்யூம் தொங்கவிடாதீர்கள். பூஞ்சை அப்படியே இருக்கும். வாசனைப் பொருளும் சிலருக்குத் தொண்டையை அரிக்கும். ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்கள் கூடுதல் உஷாராக இருக்க வேண்டும்.

மூன்றாவது, உள்காற்றையே சுற்றவிடும் பட்டன். கார் படத்துக்குள் அம்பு வளைந்திருக்குமே, அதுதான். அதை அழுத்திவிட்டு மறந்தால் நான்கு பேர் விட்ட மூச்சையே நான்கு பேரும் இழுக்க வேண்டியதுதான். ஒருவருக்குச் சளி என்றால் மற்றவர்களுக்கும் தொற்றலாம். கரியமில வாயு கூடி, ஓட்டுகிறவருக்குக் கண் சொக்கும். நெடுஞ்சாலையில் இது உயிர் விஷயம்!

உடனே செய்யுங்கள்

* ஏசி ஃபில்டரை வருடத்துக்கு ஒரு முறை அல்லது 10,000 முதல் 15,000 கிலோமீட்டருக்குள் மாற்றுங்கள். தூசி அதிகமுள்ள ஊர் என்றால் இன்னும் சீக்கிரம்.
* வாடை வந்தால் கூலிங் காயிலைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். முன் சீட்டுக் கால்மிதி நனைந்தால் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம்.
* வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடியை இறக்கி, சூடான காற்றை வெளியேற்றிவிட்டு ஏசியைப் போடுங்கள்.
* 24 முதல் 26 டிகிரி போதும். காற்று முகத்தில் அடிக்காமல் மேல்நோக்கித் திருப்புங்கள்.
* அரை மணிக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் வெளிக்காற்றை விடுங்கள். புகை கக்கும் லாரிக்குப் பின்னால் போகும்போது மட்டும் வேண்டாம்.
* வீடு சேர ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஏசியை அணைத்து, ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். காயில் உலரும்.
* அடிக்கடி இரண்டு மடக்குத் தண்ணீர் குடியுங்கள்.

நிறுத்திய காரில் இன்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டுக்கொண்டு ஒருபோதும் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; அது உள்ளே கசிந்தால் தூக்கத்திலேயே உயிர் போய்விடலாம்.

தொண்டை கரகரத்தால்?

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளியுங்கள். மருந்துக்கடையில் நீங்களே கேட்டு ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். வறட்சியால் வந்த வலிக்கும், வைரஸால் வந்த வலிக்கும் அது எதுவும் செய்யாது.

காய்ச்சல், டான்சிலில் வெள்ளைத் திட்டு, கழுத்தில் கட்டி, மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல் என்றால் ஏசி மேல் பழிபோட்டுச் சும்மா இருக்காமல் டாக்டரைப் பாருங்கள். மூச்சுத் திணறினாலோ, எச்சில்கூட விழுங்க முடியாமல் குழந்தை வாயில் ஒழுகவிட்டாலோ, அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

புது ஃபில்டர் மாட்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு மகள் தொண்டை வலி என்று சொல்லவில்லை. அடுத்த நீண்ட பயணத்துக்குக் கிளம்பும் முன், தயவுசெய்து உங்கள் கார் ஃபில்டரை ஒரு முறை உருவிப் பாருங்கள்.